சணப்பு சாகவில்லை

என் காட்டில் மடிந்து கிடந்த சணப்பைக் கொன்றது ரோலர் அல்ல, களைக்கொல்லி. அடித்தவன் நான். பார்க்க வந்த விவசாயிகளிடம் ரோலர்தான் கொன்றது என்று சொன்னவனும் நான். அந்தப் பொய்யை நம்பி ஒருவர் பணம் போட்டார், பயிரை இழந்தார், டிராக்டரிலிருந்து குதித்துக் கால் எலும்பையும் முறித்துக்கொண்டார். அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஆனால் நான் பொய் சொன்னது அவர் ஒருவரிடம் மட்டும் இல்லை, ஒரு கூட்டத்திடம். அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோருடைய வீடும் எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காடு உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. செம்மண், கிணற்றுப் பாசனம். இயற்கை விவசாயத்துக்கு மாறியதிலிருந்து சணப்போ தக்கைப்பூண்டோ பலதானியமோ விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுவது வழக்கம். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் பெரும்பாலும் செய்வது அதைத்தான். ரோட்டவேட்டர் விட்டால் வேலை சட்டென்று முடிந்துவிடும். ஆனால் உழுது முடித்த நிலம் வெறும் நிலம். தை, மாசி வெயில் நேராக மண்ணில் விழுகிறது. தழை மண்ணுக்குள் போய்ச் சீக்கிரமே மட்கிவிடுகிறது; மேலே போர்வையாக எதுவும் மிஞ்சுவதில்லை. கோரை இருக்கும் காட்டிலோ ரோட்டவேட்டரின் கத்தி கிழங்குகளைப் பிரித்து எல்லாப் பக்கமும் பரப்பிவிடுகிறது. உழாமல், அறுத்து எடுக்காமல், நிற்கிற பசுந்தாளை நின்ற இடத்திலேயே படுக்கவைத்து, அதன் நடுவே அடுத்த பயிரை ஊன்ற முடியுமா என்ற கேள்வி என்னிடம் வெகுநாளாக இருந்தது.

அதைச் செய்துகாட்டியவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். பிரேசிலின் தென்பகுதியில், பரானா மாநிலத்தில், ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி 1972-இல் உழாமல் விதைக்கத் தொடங்கினார். பெருமழை ஒவ்வொன்றும் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்துப் பொறுக்காமல் எடுத்த முடிவு அது. மூடுபயிரை மடித்துப் போடும் கத்தி உருளை, அதாவது ரோலர், அந்த வட்டாரத்திலும் பக்கத்துப் பராகுவேயிலும் பரவியது. சிறு விவசாயிகள் மாட்டைப் பூட்டியே அதை இழுத்தார்கள். பிறகு அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ரோடேல் இன்ஸ்டிடியூட்டில், ஜெஃப் மோயர் 2002 வாக்கில் அந்த உருளையைத் திருத்தி அமைத்தார். பத்தரை அடி அகலம், 16 அங்குல விட்டம், மேலே அம்பு முனை வடிவில் வளைத்துப் பற்றவைத்த இரும்புப் பட்டைகள். உள்ளே தண்ணீர் நிரப்பலாம். வெறும் உருளை 545 கிலோ வாக்கில்; தண்ணீர் நிரப்பினால் 900 கிலோவைத் தொடும். உழாத விவசாயம் என்றால் களைக்கொல்லி அடித்துத்தான் ஆக வேண்டும் என்று இருந்த நாட்டில், களைக்கொல்லி இல்லாமல் உழவை விட முடியுமா என்று பார்ப்பதற்காக அவர்கள் அதைச் செய்தார்கள்.

இந்தக் கடைசி வரியை நான் கூட்டத்தில் மிகுந்த மரியாதையோடு சொன்னேன். அப்போது என் சாளையின் பின்புறம் காலி மருந்து டப்பா கிடந்தது.

ரோலர் செடியை வெட்டுவதில்லை. தரைக்கு மேலே வெட்டினால் சணப்பு அடிக்கணுவிலிருந்து துளிர்த்துக்கொள்ளும். மாட்டுக்கு அறுத்துப் போட்டவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். பட்டைகளின் முனை மழுங்கலாக இருக்க வேண்டும். செடி தரையில் சாய்ந்ததும் அது தண்டைப் பல இடங்களில் நசுக்கும். வேர் மண்ணிலேயே இருக்கும், தண்டும் அதோடு ஒட்டியே இருக்கும், ஆனால் நசுங்கிய இடத்தைத் தாண்டி நீர் ஏறாது. அப்படியே கிடந்து காய வேண்டியதுதான். இது நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது: செடி பூத்திருக்க வேண்டும். பூக்கும்வரை செடியின் எல்லா வலுவும் வளர்வதற்கே போகிறது. படுக்கவைத்தாலும் நுனியை நிமிர்த்திக்கொண்டு எழும், கீழே இருக்கும் மொட்டுக்களை உயிர்ப்பித்துக்கொள்ளும். பூ எடுத்தபின் அந்த வலு விதைக்குத் திரும்பிவிடுகிறது. அப்போது நசுக்கினால்தான் மீளாது. ரோடேலில் ரை பயிரை மகரந்தம் உதிரும் பருவத்திலும் வெட்ச் என்ற பயறுவகையை முழுப் பூவிலும்தான் உருட்டுகிறார்கள். சணப்புக்கு, காட்டில் பாதிக்கு மேற்பட்ட செடிகள் மஞ்சள் பூ விரித்து நிற்க வேண்டும், காய் முற்றியிருக்கக் கூடாது.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

எங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நான்கடி அகலத்தில் ஒன்று செய்யச் சொன்னேன். என்னுடையது 24 ஹெச்.பி. சின்ன டிராக்டர். ரோடேல் உருளை தண்ணீரோடு அடிக்கு 86 கிலோ வாக்கில் அழுத்துகிறது. அந்தக் கணக்கில் என் நான்கடிக்கு 350 கிலோ போல வேண்டும். 16 அங்குலக் குழாயில் நான்கடிக்கு 160 லிட்டர் அளவு தண்ணீர் பிடிக்கும். ஆக, இரும்பு 200 கிலோ வாக்கில் இருந்தால் போதும். அகலம் ஏன் நான்கடி என்றால், பின் டயர் இரண்டின் வெளிவிளிம்பையும் ரோலர் மூட வேண்டும். அதைவிடக் குறைந்தால் டயர் மிதித்த செடியை ரோலர் தொடவே தொடாது.

முதலில் பட்டைகளை நேராகப் பற்றவைத்தார்கள். அது தப்பு. நேர்ப்பட்டை ஒவ்வொன்றாகத் தரையில் விழும்போது முழு உருளையும் எழும்பி எழும்பி விழுகிறது. ஓட்டுகிறவருக்கு முதுகு போய்விடும், பாதிச் செடியில் அடியே படாது. அம்பு முனையாகத் திருத்திய பிறகு எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பட்டையின் ஏதாவது ஒரு பகுதி மண்ணில் இருந்தது, ஆட்டம் நின்றது. இன்னொரு தொல்லை சணப்பின் நாரிலிருந்து வந்தது. கயிறு திரிக்கும் பயிர் அல்லவா? உருளையின் இரு முனையிலும் அச்சைச் சுற்றிக்கொண்டு பேரிங்குக்குள் நுழைந்து இறுகிவிட்டது. கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. பேரிங்குக்கு உட்புறமாக வட்டத் தகடு வைத்து மறைத்தபின் சரியானது. செய்ய நினைப்பவர்கள் இதை முதலிலேயே செய்துகொள்ளுங்கள்.

மாட்டும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்த கேட்டில் பாதி இதில் இருக்கிறது. ரோடேலில் ரோலரை டிராக்டருக்கு முன்னால் மாட்டுகிறார்கள். டயர் ஏறுவதற்கு முன்பே செடி நசுங்கிவிடும்; அதே ஓட்டத்தில் பின்னால் விதைக்கருவியையும் இழுக்கலாம். நம் ஊர்ச் சின்ன டிராக்டருக்கு முன்பக்கம் தூக்கும் கைகள் கிடையாது. கலப்பை மாட்டும் இடத்தில்தான் மாட்ட வேண்டும்: கீழே இரண்டு கை, மேலே டாப் லிங்க். அப்போது டயர் முதலில் மிதிக்கிறது. இளகிய மண்ணில் டயர் போன தடம் பள்ளமாகிவிடும், செடி அந்தப் பள்ளத்துக்குள் படுத்துக்கொள்ளும், ரோலர் அதன் மேல் பாலமாகப் போய்விடும். சில நாளில் டயர்த் தடம் இரண்டு மட்டும் பச்சையாக எழுந்து நிற்கும். இதற்கு மருந்து மண் கெட்டியாக இருக்கும்போது உருட்டுவதும், சில நாள் கழித்துத் தடம் மாற்றி இன்னொரு முறை உருட்டுவதும்தான்.

ஹைட்ராலிக் கை தூக்கும், ஆனால் கீழே அழுத்தாது. லீவரை முழுக்க இறக்கிவிட்டால் ரோலரின் சொந்த எடை முழுவதும் மண்ணில் இறங்கும். பாதியில் நிறுத்தினால் ரோலர் கைகளில் தொங்கிக்கொண்டு போகும், பார்க்க உருளுவதுபோல் இருந்தாலும் எடை இறங்காது. டாப் லிங்கையும் விறைப்பாக முறுக்கக் கூடாது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப ரோலர் ஏறி இறங்க இடம் வேண்டும். அடுத்தது எடை. பின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி எவ்வளவு கனம் தொங்குகிறதோ அந்த அளவுக்கு முன் சக்கரம் இலேசாகும். 350 கிலோவைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் ஸ்டீயரிங் காற்றில் திரும்புவதை உணரலாம். அதனால் நான் டிராக்டரின் மூக்கில் இரும்புத் தகடுகளை முன் வெயிட்டாக மாட்டியிருந்தேன். கூட்டத்தில் ரோலரைப் பற்றி அவ்வளவு பேசியவன் இந்த முன் வெயிட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. என் திறமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் மற்றவர்களின் பாதுகாப்பு நினைவுக்கு வரவில்லை.

அந்த வருடம் மழை தள்ளிப்போனதால் சணப்பு விதைப்பும் தள்ளிப்போனது. விவசாயிகள் குழு ஒன்று கார்த்திகையில் ஆட்களை அழைத்துவருவதாகச் சொல்லி, நாளை என்னையே குறிக்கச் சொன்னார்கள். நான் விதைத்தவுடனேயே குறித்துக் கொடுத்துவிட்டேன். அந்த நாள் நெருங்கியபோது சணப்பு இடுப்பளவு நின்றது. பூ மருந்துக்கும் இல்லை. முந்தைய வாரம் பெய்த மழையில் மண்ணும் நெகிழ்ந்து இருந்தது. இரண்டு காரணமும் உருட்டக் கூடாது என்று சொல்லின. ஒரு போன் செய்து இரண்டு மூன்று வாரம் தள்ளிவைத்திருக்கலாம், யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அழைப்பிதழில் இந்த வட்டாரத்திலேயே முதல் முயற்சி என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். அதை நான் பலமுறை எடுத்துப் படித்தேன். நாளைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

கூட்டம் வந்தது, உருட்டினேன். உருட்டிய கணத்தில் எந்தச் சணப்பும் செத்ததுபோலத்தான் இருக்கும். இடுப்பளவு நின்ற பயிர் ஒரே திசையில் வாரிவிட்டதுபோல் படுத்தது; நிறையப் பேர் போட்டோ எடுத்தார்கள். ஒருவர் எத்தனை நாள் பயிர் என்று கேட்டார். நாற்பது நாள் என்றேன். நாற்பது நாளில் உருட்டலாமா என்று அவரே அடுத்துக் கேட்டபோது, உருட்டலாம், பாருங்கள் என்று காட்டினேன். பலர் அதைக் குறித்துக்கொண்டார்கள். அரசாணிக்காய் விதை ஊன்றும்போது மறுபடி வாருங்கள், அதற்குள் காய்ந்து பாய் விரித்ததுபோல் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு வாரத்துக்குள் நுனிகள் திரும்பின. படுத்த தண்டு படுத்தபடியே இருக்க, கழுத்துக்கு மேலே மட்டும் வானத்தைப் பார்த்து வளைந்து நின்றது. பிறகு அடியிலிருந்து துளிர் வந்தது. அடுத்த கூட்டம் வரும் நேரத்துக்கு முழங்காலுக்கு மேலே பச்சையாக ஒரு காடு நின்றிருக்கும். அப்போதுகூட உண்மையைக் காட்டியிருந்தால் அது நல்ல பாடம். பூக்காத சணப்பு ரோலருக்குச் சாகாது என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் காடு தெளிவாகச் சொல்லியிருக்கும். வந்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டு போயிருப்பார்கள். அந்தப் பாடத்தைத்தான் நான் அழித்தேன்.

கிளைபோசேட் வாங்கினேன். 2022-இல் மத்திய அரசு அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்திவிட்டது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்த கடையில் வாங்காமல் வேறு ஊருக்குப் போனேன். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரிலேயே கலந்தேன். எங்கள் காட்டில் நெடுநாளாக வேலை செய்யும் அக்காவை அன்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடியும் முன்னே தொடங்கி வெயில் ஏறும் முன் முடித்தேன். என் மனைவியிடமும் சொல்லவில்லை. நான் இயற்கை விவசாயத்துக்கு வந்ததே என் அப்பா மருந்தடித்து மருந்தடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்துத்தான். அந்தக் காலையில் அது நினைவுக்கு வரவில்லை என்றால் பொய். வந்தது. அடித்தேன்.

எழும்பி நின்ற இளந்துளிர் மருந்தை நன்றாக வாங்கிக்கொண்டது. நுனியிலிருந்து ஒரே சீராக மஞ்சளாகி, பிறகு காய்ந்தது. ரோலரில் சாகும் செடி இப்படிச் சாகாது. நசுங்கிய இடங்களிலிருந்து திட்டுத்திட்டாகப் பழுப்பேறும், ஒரு செடி காயும்போது அடுத்தது பச்சையாக இருக்கும். இரண்டாவது முறை வந்த கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஒரு பெரியவரைத் தவிர. அவர் காட்டைப் பார்க்கவே இல்லை, வரப்பைப் பார்த்தார். வரப்பு ஓரத்து அருகம்புல்லும் மஞ்சளாகியிருந்தது, காற்றில் மருந்து அங்கே போயிருந்தது.

“ஏனப்பா, வரப்பு மேலயும் ரோலர் ஏறுச்சா?” என்றார்.

“தண்ணி பத்தாம காஞ்சிருச்சுங்க” என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. மறுவாரம் வரப்பில் புல் அறுக்க வந்த அக்காவும் புல்லைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “இது மாட்டுக்கு ஆகாதுங்க” என்று மட்டும் சொல்லிக் கீழே போட்டார். தெரிந்துகொண்டவர்கள் இரண்டு பேரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன்.

அரசாணி நன்றாக வந்தது. காய்ந்த சணப்பின் மேல் கொடி படர்ந்தது, காய் மண் ஒட்டாமல் சுத்தமாக இருந்தது. கோயம்புத்தூரில் வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு மருந்தில்லாத காய் என்று சொல்லி, அந்த விலைக்கே விற்றேன். அவர்களில் கைக்குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட வாங்கியவர்களும் உண்டு. அந்தப் பருவத்துக் காய் வாங்கிய வீடுகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலர் இனி வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் உரிமை.

ஊருக்குப் புதிய ஒரு கருவியை முதலில் கொண்டுவருகிறவனிடம் ஒரு பெரிய பொறுப்பு வந்து சேர்கிறது. அதை நான் அப்போது உணரவில்லை. கலப்பையைப் பற்றி ஒருவன் பொய் சொன்னால் பக்கத்துக் காட்டில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த ரோலரை எங்கள் பக்கம் வேறு யாரும் வைத்திருக்கவில்லை. என் சொல் ஒன்றுதான் சாட்சி. அமெரிக்காவில் ஆபர்னில் உள்ள மண் ஆய்வகத்தில் டெட் கோர்னெக்கி இதே ரோலர்களை, கையால் ஓட்டும் சிறு டிராக்டருக்கு ஏற்ற அளவில்கூடச் செய்து சோதித்திருக்கிறார். ரோலர் மட்டும் ஓடிய பாத்தியையும் ரோலரோடு களைக்கொல்லியும் சேர்ந்த பாத்தியையும் தனித்தனியாக வைத்து, வாரம் வாரம் எவ்வளவு செத்தது என்று அளந்து எழுதுகிறார்கள். களைக்கொல்லி சேர்த்ததைச் சொல்வதில் அவர்களுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நான் இரண்டாவது பாத்தியின் விளைவை முதல் பாத்தியின் பெயரில் விற்றேன்.

அடுத்த புரட்டாசியில் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் ரோலரின் அளவுகளை வாங்கிக்கொண்டு போனார். அப்பாவும் அவரும் மட்டும் உழைக்கிற குடும்பம். பட்டறையில் பாதிப் பணம் கொடுத்து, பாதியைக் கடன் சொல்லிச் செய்தார். குழாய், பட்டை, கனம் எல்லாம் என்னுடையதே. நாற்பதாம் நாள் உருட்டினார். உடனே அரசாணி ஊன்றினார், என் பேச்சில் அப்படித்தான் இருந்தது. விதை முளைத்து இரண்டிலை விடும்போது சணப்பு அதற்கு மேலே நின்றது.

போன் செய்தார். “அண்ணா, சணப்பு மறுக்கா எந்திரிச்சு நிக்குதுங்க. எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியலைங்க.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். கதிரறுவாளால் தரையோடு அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஊன்ற அவருக்கு இன்னும் பருவம் இருந்தது. நான் சொன்னது இது: “உங்க ரோலர் கனம் பத்தலைங்க தம்பி.” என் அளவிலேயே செய்த ரோலர் அது. கனம் பத்தாமல் இருக்க வாய்ப்பே இல்லை என்று என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

அவர் நம்பினார். ரோலரின் சட்டத்தின் மேல் மணல் மூட்டைகளைக் கட்டினார். ஊன்றிய அரசாணியை விட்டுவிட்டு, மேலேயே இன்னொரு முறை உருட்டத் தீர்மானித்தார். முன் வெயிட் கிடையாது, நான் சொல்லவில்லையே. ரோலரைத் தூக்கியபடி வாய்க்கால் கரை ஏறும்போது டிராக்டரின் முன்பக்கம் எழுந்துவிட்டது. பக்கவாட்டில் குதித்ததால் உயிர் பிழைத்தார். கணுக்காலில் எலும்பு முறிந்தது. டிராக்டர் கவிழாமல் கரையில் உட்கார்ந்துகொண்டது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், என் புண்ணியம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், மணல் மூட்டை கட்டியிருக்கக் கூடாது தம்பி என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன். நான் செய்ததில் மிகக் கேவலமானது எது என்று கேட்டால், களைக்கொல்லி அடித்ததைச் சொல்ல மாட்டேன். கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் இருந்தவரிடம் அவர்மேலேயே பழியை வைத்துவிட்டு எழுந்து வந்தேனே, அதைச் சொல்வேன்.

அதற்குப் பிறகு பல மாதம் ரோலரைத் தொடவில்லை. கூட்டத்துக்குப் பேச அழைத்தால் உடம்பு சரியில்லை என்றேன். ஒருநாள் வேறொரு மாவட்டத்திலிருந்து ஒருவர் பேசினார். சணப்பை நாற்பது நாளில் உருட்டலாம் என்று ஒரு கையேட்டில் படித்தேன், சரிதானே என்று கேட்டார். கூட்டத்தில் குறிப்பெடுத்த யாரோ அச்சிட்டிருக்கிறார்கள். என் பொய் என்னை விட்டு வெளியே போய், என் பெயர்கூட இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தது. அவரிடம் அந்த எண் தப்பு, நான்தான் அதைச் சொன்னேன், இன்ன காரணத்தால் சொன்னேன் என்று முழுதாகச் சொன்னேன். முதலில் சொன்னது முகம் தெரியாத ஒருவரிடம். அதன் பிறகுதான் தம்பி வீட்டுக்குப் போகத் துணிவு வந்தது.

வாசலில் அவருடைய அப்பாவும் இருந்தார். உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டே சொன்னேன். களைக்கொல்லி, வரப்புப் புல், கனம் பத்தலை என்றது, முன் வெயிட் எல்லாவற்றையும். தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை.

“ஏனுங்ணா, போன் பண்ணினப்பவே சொல்லியிருந்தா, அறுவாள் எடுத்து அறுத்துட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பனே” என்றார். பிறகு, “அப்ப அந்த ரோலர் நெசமா, பொய்யா? அதைச் சொல்லுங்க” என்றார்.

நிஜம்தான், பூவில் உருட்டினால் சாகும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பிக்கையில் ஆட்டியது அல்ல அது. அந்தக் கேள்விக்கு உண்மையான விடை என்னிடம் இருந்தும், அதை என் வாயால் சொன்னால் மதிப்பில்லாத நிலைக்கு நான் வந்துவிட்டேன். ஒரு நல்ல கருவி இந்தப் பகுதியில் கெட்ட பெயரோடு நிற்கிறது என்றால் அதற்குக் கருவி காரணம் இல்லை. எனக்கு இதில்தான் வேதனை அதிகம். மேல்மண் ஒவ்வொரு மழையிலும் போய்க்கொண்டிருக்கிற ஊரில், உழாமல் மண்ணை மூடிவைக்கும் ஒரு வழியை நானே அடைத்தேன்.

இந்தப் பருவம் ஒரே காட்டில் இரண்டு பாத்தி விட்டேன். ஒன்றை நாற்பதாம் நாள் உருட்டினேன். பெரும்பகுதி எழுந்து நிற்கிறது, அதை அப்படியே விட்டிருக்கிறேன். மற்றதைப் பூ நிறைந்தபின், மண் இறுகியிருந்தபோது உருட்டி, பிறகு தடம் மாற்றி இன்னொரு முறை உருட்டினேன். பெரும்பகுதி படுத்துவிட்டது. டயர்த் தடத்தில் சில வரிசை எழுந்தது. அக்காதான் அதை அறுத்தார். கோரை இரண்டு பாத்தியிலும் இருக்கிறது. ரோலரால் கோரைக்கு ஒன்றும் ஆகாது, சணப்புப் போர்வையைத் துளைத்துக்கொண்டே வருகிறது. இதையும் நான் முன்பு சொன்னதில்லை. யார் வேண்டுமானாலும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாம், வரப்பையும் பார்க்கலாம். அந்தப் பெரியவருக்கு ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன். கையேடு அச்சிட்டவர்களுக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் நாற்பது நாள் என்று இருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் பூத்தபின் என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். முன் வெயிட் இல்லாமல் சின்ன டிராக்டரில் இதை மாட்டாதீர்கள். கனம் கூட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் சட்டத்தின் மேல் மூட்டையோ கல்லோ ஆளோ ஏற்றாதீர்கள்.

தம்பி தன் ரோலரைப் பட்டறைக்காரரிடமே விற்றுத் தரச் சொல்லியிருக்கிறார். விலையில் விழும் நஷ்டத்தையும் ஆஸ்பத்திரிச் செலவையும் அந்தப் பருவத்து வெள்ளாமையையும் கணக்குப் பார்த்துக் கொண்டுபோனேன். தம்பி வேண்டாம் என்று உள்ளே போய்விட்டார். அவருடைய அப்பா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, வெள்ளாமைக் கணக்கில் ஆள் கூலி விட்டுப்போயிருப்பதைச் சொன்னார். அதை இந்த மாதம் கொடுக்க வேண்டும்.